படம் போட்டோம், நாலு கல் வந்தது

விளவங்கோடு டீச்சர்:
எங்கள் பேரூராட்சியில் (பெயர் வேண்டாம்) சர்ச்சுக்குப் பின்னால் சரிவாக இறங்கும் ஒரு சந்து. மார்ச் கடைசியில் அவசர அவசரமாகப் பேவர் பிளாக் போட்டார்கள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) இரண்டு வாரம் பெய்ததும் கீழ்ப்பக்கம் அரை அடி இறங்கிவிட்டது. ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மாட்டேன் என்கிறார்கள். அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் படமெடுத்து முகநூலிலும் வார்டு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். நாலாம் நாள் இரண்டு பேர் வந்து நாலு கல்லைப் பெயர்த்து, அடியில் ஒரு சட்டி மணலைத் தட்டி, திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். படம் போட்டது தப்பா? வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

தோஹா மக்கா:
தப்பே இல்லை டீச்சர். இன்னும் பத்துப் படம் போடுங்கள். காண்டிராக்டர் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். எல்லாம் கூட்டுக் கொள்ளை. நான் இங்கே தோஹாவில் பதினோரு வருடமாக இருக்கிறேன், ஒரு ரோடு இறங்கிப் பார்த்ததில்லை. நம் ஊரில் அரசாங்கம் செய்கிற எதுவும் உருப்படாது. எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டுவிட வேண்டும்.

கருங்கல் ஜல்லி:
மக்கா, அந்தச் சந்துக்குக் கல் போட்டதே தனியார்தானே? காண்டிராக்டர் என்ன, அரசு ஊழியரா?

நானும் சின்ன காண்டிராக்டர்தான். அப்பா காலத்திலிருந்தே இதுதான் தொழில். டீச்சர் சொல்லும் வேலை என்னுடையது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் யாராவது எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். ஐந்து லட்ச ரூபாய் வேலைக்கு ஐந்து பேர் போட்டி. போன வருடம் ஒரு வேலையை எஸ்டிமேட்டுக்கு 14 சதவீதம் கீழே போட்டுத்தான் எடுத்தேன். இங்கே உடைக்கிற ஜல்லியும் எம் சாண்டும் களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள் போனால் நல்ல விலை. அதனால் உள்ளூரில் எங்களுக்கு ஏறிய விலைக்குத்தான் கிடைக்கிறது. அப்புறம் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கென்று பில்லில் முன்கூட்டியே பிடிக்கும் டிடிஎஸ் 2, வருமான வரிப் பிடித்தம் 1, தொழிலாளர் நல நிதி 1. பில் பாஸாகப் பல மாதம். இதற்கு மேல் 'மற்ற' செலவுகள் வேறு. அதை நான் எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். படம் போட்டால் அசிங்கப்படுவது கடைசியில் நிற்கிற எங்களைப் போன்றவன். மேலே இருக்கிற யாருக்கும் ஒரு கீறல் கூட விழாது.

பழைய ஜேஇ:
தம்பி ஜல்லி, கணக்கை நேராகச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி எஸ்டிமேட்டில் தனியாகச் சேர்த்துத்தான் வருகிறது, அது உங்கள் கையிலிருந்து போவதில்லை. ஜிஎஸ்டிக்கும் வருமான வரிக்கும் பிடிக்கும் டிடிஎஸ் இரண்டும் பிறகு கணக்கில் நேராகிவிடும். 14 சதவீதம் கீழே போட்டது உங்கள் கை. யாரும் உங்கள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் குறைந்த விலைக்காரருக்கு வேலையைக் கொடு என்கிறது. குறைந்த தரத்துக்குக் கொடு என்று எங்கேயும் சொல்லவில்லை.

டீச்சர், நான் ஜேஇயாக, அதாவது இளநிலைப் பொறியாளராக, 31 வருடம் இந்த வேலையில் இருந்தவன். பேவர் பிளாக் சரிவில் இறங்குவதற்குக் கல்லின் தரம் அபூர்வமாகத்தான் காரணம். கீழ் முனையில் விளிம்புக் கட்டை வைத்துப் பிடித்திருக்க மாட்டார்கள், ஓரத்தில் வாய்க்காலும் விட்டிருக்க மாட்டார்கள். மழைத்தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கி அடியில் இருக்கும் மணலை அப்படியே உருவிக்கொண்டு போய்விடும். மேலே கல் மட்டும் பல்லிளிக்கும். உங்கள் படத்தில் கல்தான் தெரிகிறது, கட்டை இல்லாதது தெரியவில்லை. அதனால்தான் நாலு கல்லை மாற்றிவிட்டுப் போனார்கள். நீங்கள் கேட்டது எதுவோ அதைத்தானே செய்து கொடுத்தார்கள்!

கேட்க வேண்டியது எம்-புக். அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் கட்டை, எத்தனை கன மீட்டர் மணல், கல் 60 மி.மீ.யா 80 மி.மீ.யா, யார் அளந்தார், என்றைக்கு அளந்தார் என்று அதில் இருக்கும். போடாத கட்டைக்கு எம்-புக்கில் அளவு ஏறியிருந்தால் அது வெறும் மோசமான வேலை இல்லை, பொய்க் கணக்கு. ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டு எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம்-புக் பக்கங்கள், சோதனை அறிக்கை நாலையும் கேளுங்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எத்தனை மாதம் என்றும் கேளுங்கள். அதற்குள் கெட்டால் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். வராவிட்டால் மேல்முறையீடு.

இன்னொன்றும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு ஆர்டிஐ சட்டத்தின் 2(ஜே) பிரிவில் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும் உரிமை உண்டு. ஒரு கல்லைக் கேட்டே வாங்கலாம்! என் சர்வீஸில் ஒருவர் கூடக் கேட்டதில்லை.

விளவங்கோடு டீச்சர்:
சார், எல்லாம் சரி. போன வருடம் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தெருவிளக்கு விஷயமாக ஆர்டிஐ போட்டார். மூன்றாம் நாள் சம்பந்தப்பட்ட ஆள் பைக்கில் வந்து வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, 'என்ன அக்கா, நம்மகிட்டயே கேட்டிருக்கலாமே' என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா அப்புறம் எதையும் கேட்கவில்லை. மனுவில் பெயரும் விலாசமும் எழுதுகிறோம், அது எப்படி வெளியே போகிறது? முகநூலில் போட்டால் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்ற தைரியமாவது இருக்கிறது. நீங்கள் சொல்வது ஆபீஸ் உள்ளே இருந்தவருக்கு வரும் தைரியம்.

பழைய ஜேஇ:
அது நியாயம். ஒப்புக்கொள்கிறேன். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று அந்தச் சட்டத்தில் 6(2) பிரிவே இருக்கிறது. 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் விலாசத்துக்குப் பதில் தபால் பெட்டி எண் போதும் என்றது. ஆனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் பிரிவு எண் சொல்ல முடியாதுதான்.

தோஹா மக்கா:
அப்படியானால் நான் சொன்னதுதான். போடுங்கள் படத்தை. முதல்வர் உதவி எண் 1100க்கும் அடியுங்கள்.

அவுட்சோர்ஸ் தம்பி:
1100க்கு அடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லட்டுமா அண்ணே? மனு சுற்றிச் சுற்றி அதே அலுவலகத்துக்குத்தான் வரும். 'சரிசெய்யப்பட்டது' என்று ஒரு படத்தோடு முடித்துவிடுவார்கள். டீச்சர் சந்தில் வைத்த நாலு கல் அந்தப் படத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

நான் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். டீச்சர் ஊர் இல்லை. ஏஜென்சி வழியாகச் சம்பளம். பி.எஃப். பிடிக்கிறார்கள், கட்டுகிறார்களா என்று எனக்கே இரண்டு வருடம் தெரியாது. சந்து வேலையைக் காண்டிராக்டில் விட்ட மாதிரிதான் என்னையும் விட்டிருக்கிறார்கள், ஏறக்குறைய அதே டெண்டர் முறையில். 2022 டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அரசுத் தேர்வில் 7,301 இடத்துக்கு விண்ணப்பித்த சுமார் 22 லட்சம் பேரில் நானும் ஒருவன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். டெண்டர் ஃபைல், எம்-புக் நகல், பில் எல்லாம் என் கண் முன்னால்தான் போகும். தப்பு தெரிந்தால் சொல்லலாமே என்பீர்கள். நிரந்தர ஊழியர் சொன்னால் இடமாற்றம். நான் சொன்னால் ஏஜென்சிக்கு ஒரு போன், நாளைக்கு வேறு பையன். தனியாரிடம் விட்டால் சரியாகிவிடும் என்கிற தோஹா அண்ணன் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். அலுவலகத்தில் பயமில்லாமல் 'இந்த அளவு தப்பு' என்று சொல்லக்கூடிய ஆள் குறையக் குறைய, எம்-புக்கில் என்ன வேண்டுமானாலும் ஏறும்.

தோஹா மக்கா:
தம்பி, நான் உன்னைச் சொல்லவில்லை. ஆனால் நிரந்தர ஊழியர் நிறைய இருந்த காலத்தில் மட்டும் ரோடு தங்கமாகவா இருந்தது?

பழைய ஜேஇ:
தங்கமில்லை. நானே மூன்று பேரூராட்சிக்கு ஒரே ஜேஇயாக ஓடியிருக்கிறேன். காலையில் ஒரு இடத்தில் கான்கிரீட், மதியம் இன்னொரு இடத்தில் அளவு. பார்க்காமலே கையெழுத்துப் போட்ட நாட்களும் உண்டு. நிதியாண்டு முடியும் மார்ச் 31 நெருங்கினால் கேட்கவே வேண்டாம்.

கருங்கல் ஜல்லி:
இதைச் சொல்ல ஒரு மனசு வேண்டும் சார். நானும் ஒன்று சொல்கிறேன். விளிம்புக் கட்டையை விட்டால் மிச்சமாகிற காசு பெரிதில்லை. ஆனால் 14 கீழே போட்டவன் அங்கேதான் கை வைப்பான். வெளியே தெரியாதில்லையா.

விளவங்கோடு டீச்சர்:
கிராமப் பஞ்சாயத்து என்றால் கிராம சபையில் எழுந்து கேட்கலாம், வருடத்துக்கு ஆறு தடவை கூட்டுகிறார்கள். பேரூராட்சிக்கு அது இல்லை. 2022இல் நகர்ப்புறத்துக்கும் அது மாதிரி பகுதி சபை விதி வந்தது என்றார்கள், எங்கள் வார்டில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

நேற்று ராத்திரி சந்தில் இருக்கும் பெண்கள் மட்டும் தனியாக ஒரு குழு ஆரம்பித்தோம். பழைய குழுவில் இருந்து தூக்கியதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும். மொத்தம் பதினான்கு வீடு. ஒரே மனுவைப் பதினான்கு பேரும் தனித்தனியாக, ஆளுக்கு 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டால் அந்த ஆள் யார் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? ஜேஇ சார் சொன்ன நாலு கேள்வியும் குறைபாட்டுக் காலமும். கூடவே ஒரு கல்லும்.

பழைய ஜேஇ:
பிரமாதம். ஸ்டாம்ப் குழித்துறை கோர்ட் பக்கம் கிடைக்கும். மனுவில் 'ஏன்' என்று ஆரம்பிக்கும் கேள்வி ஒன்று கூட வேண்டாம். 'நகல் தருக' என்று மட்டும் எழுதுங்கள். 'ஏன்' என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள்.

கருங்கல் ஜல்லி:
பதினான்கு மனு வந்தால் ஆபீஸில் வேலை நின்றுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அவுட்சோர்ஸ் தம்பி:
நிற்காது அண்ணே. பதினான்கையும் பதிவேட்டில் ஏற்றுவதும் ஸ்கேன் பண்ணுவதும் என்னைப் போல ஒரு பையன்தான். டீச்சர், கையெழுத்தை மட்டும் கொஞ்சம் புரிகிற மாதிரி எழுதச் சொல்லுங்கள்.