அம்புத் தவளைத் தொட்டியின் பின்சுவர் பெயர்ந்து வருகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். அம்புத் தவளைகளுக்காக (poison dart frog என்னும் சிறிய வண்ணத் தவளைகள்) 45×45×60 செ.மீ. கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தயார் செய்கிறேன். நல்லவேளை, தவளைகள் இன்னும் வரவில்லை.

தொட்டியைப் படுக்கவைத்து, பின்பக்கக் கண்ணாடியில் நேரடியாக பாலியூரித்தேன் ஃபோம் (தெளித்ததும் உப்பி இறுகும் நுரை) அடித்து, நடுநடுவே கார்க் பட்டைகளைப் பதித்தேன். மறுநாள் ஃபோமின் மேல்தோலைக் கத்தியால் சீவி, சிலிகான் பசை பூசி, அது காய்வதற்குள் தேங்காய் நார்த்தூளை அள்ளி அழுத்தினேன். அசல் மண்சரிவு மாதிரியே இருந்தது. இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை.

அப்புறம்தான் வினை. தண்ணீர் தெளித்து ஈரப்பதத்தை 80 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்த மூன்றாவது வாரம், மேல் மூலையில் ஃபோம் கண்ணாடியை விட்டு விலகிவிட்டது. விரல் நுழையும் இடைவெளி. தவளை உள்ளே இறங்கினால் சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நார்த்தூளும் அங்கங்கே உதிர்ந்து மஞ்சள் ஃபோம் பல்லிளிக்கிறது.

கண்ணாடியில் முதலில் சிலிகானைக் கோடு கோடாகப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் ஃபோம் அடித்திருந்தால் பிடித்திருக்குமோ? இப்போது இடைவெளியை மட்டும் சிலிகானால் அடைத்தால் தாங்குமா, முழுதாகப் பெயர்த்துவிட வேண்டுமா? பழைய சிலிகான்மேல் புதியது சரியாக ஒட்டாது என்பதால்தான் தயங்குகிறேன்.

சிலிகான் பூஞ்சைத் தடுப்பான் கலக்காதது, காயும்போது வரும் வினிகர் வாடையும் போய்விட்டது. தவளைத் தோல் எதையும் உறிஞ்சிவிடும் என்று அதில் மட்டும் கவனமாக இருந்தேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது.