நம்ம மனசு நமக்கு நிச்சயமா தெரியுமா? லொஜிக் படிச்சவங்க சொல்லுங்க

ஹட்டன்_காத்து:
ஏ.எல் பரீட்சைக்கு லொஜிக் பாடம் செய்றேன். எல்லாத்தையும் சந்தேகப்படலாம், சந்தேகப்படுறேங்கிறத மட்டும் சந்தேகப்பட ஏலாதுன்னு டேக்கார்ட்ங்கிற பிரெஞ்சு தத்துவவாதி சொன்னதா சேர் படிப்பிச்சாரு, அது வெளங்குது. ஆனா எங்க சித்தப்பா "எனக்கு ஒரு கோவமும் இல்ல"னு சொல்லிக்கிட்டே திருகுன திருகுல ரேடியோ நொப் கையோட வந்துருச்சி, லயத்து வீடுகளுக்கெல்லாம் தெரிஞ்ச கோவம் அவருக்கு தெரியல. அப்ப எங்க நிச்சயம்?

பதுளை_வாசகன்:
தம்பி, டேக்கார்ட் 1641ல அடிச்சி சொன்னது நான் இருக்கேன், நெனைக்கிறேங்கிற அளவுக்கு தான். ஏன் இப்பிடி செஞ்சேன்ங்கிறதுல நாம ரொம்ப மோசம். 1977ல நிஸ்பெட், வில்சன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் எழுதுனத பாருங்க, ஒரே மாதிரி நைலோன் ஸ்டொக்கிங்ஸ் நாலு ஜோடிய வரிசையா வச்சி எது நல்லதுனு கேட்டாங்க, வலது ஓரத்துல இருந்தத தான் கூட பேர் எடுத்தாங்க, ஏன்னு கேட்டா வச்ச எடத்த ஒருத்தரும் தானா சொல்லல, தரம் அது இதுனு காரணம் சொன்னாங்களாம் :)

கொழுந்துக்கூடை:
உள்ளுக்குள்ள எட்டிப் பாக்க ஒரு கண்ணு இருக்குனு நெனைக்கிறதால தான் இந்த கொழப்பமே. கேரத் எவன்ஸ்ங்கிற தத்துவவாதியோட 1982 புத்தகத்துல வேற வழி இருக்கு. மழை வரும்னு நம்புறியானு கேட்டா நீ நெஞ்சுக்குள்ளயா தேடுவ? சிவனொளிபாத மலைப்பக்கம் கருக்கட்டியிருக்கானு பாத்துட்டு ஆமாம்ப. மழைய பத்தி முடிவு பண்ணுனாலே உன் நம்பிக்கய பத்துன கேள்விக்கும் பதில் வந்துருது, நடுவுல வேற சாட்சி தேவயில்ல.
வலி வேற கத. நாள் முழுக்க கொழுந்து எடுத்துட்டு வந்தா வலி முழங்கால்லயா அதுக்கு கீழயானு தடுமாறலாம், ஆனா "யாருக்கோ வலிக்குது, அது நான் தானா?"னு யாரும் கேக்கமாட்டாங்க. 1968ல ஷூமேக்கர்ங்கிற தத்துவவாதி புடிச்ச பாயின்ட் இது.

மஸ்கெலியா_சைவன்:
எப்பவும் வெள்ளக்காரன் தானா? 13ஆம் நூற்றாண்டுலயே மெய்கண்டார் தன்னோட சைவ சித்தாந்த நூல் சிவஞானபோதத்துல மூணாஞ் சூத்திரத்த "உளது இலது என்றலின்"னு தொடங்குறாரு. இது நானில்ல அது நானில்லனு தள்ளிக்கிட்டு போற ஒன்னு இருந்தா தானே தள்ள முடியும்?

பதுளை_வாசகன்:
அண்ணே அது ஆன்மா இருக்குனு காட்டுறதுக்கு, தம்பி கேட்டது வேற. அதே சூத்திரத்துல "உணர்த்த உணர்தலின்"னும் வருதே, ஆன்மா தானா அறியாது, உணர்த்துனா தான் அறியும். நீங்க சொல்றதுக்கு எதிர்ப்பக்கமால்ல போகுது!

ஹட்டன்_காத்து:
அக்கா, அப்ப ஷூமேக்கர் சொல்றது யாருக்குங்கிறதுல தப்பு வராதுன்னு மட்டும் தானே? என்னதுங்கிறதுல வரலாம்ல?

கொழுந்துக்கூடை:
ஆமா, வரும். கோவமா பொறாமையானு மாத்தி நெனைக்கலாம், யாரோட கோவம்ங்கிறதுல தான் மாற ஏலாது. எவன்ஸ் வழியும் நம்பிக்கைக்கு தான் நல்லா ஓடும், கோவத்துக்கு எந்த மேகத்த பாக்குறது சொல்லு.