வளரி செய்ய எந்த மரம், எப்படி எறிவது?

வைகைக்கரையான்:
வணக்கம். சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் முயல், கௌதாரி வேட்டைக்குப் பயன்பட்ட வளைந்த எறிகருவியான வளரியை மரத்தில் செய்து எறியப் பழக விரும்புகிறேன். பலகையில் வளைவை வரைந்து அறுத்தெடுக்கலாமா? எறிந்தவர் கைக்கே அது திரும்பி வர எப்படிச் செதுக்க வேண்டும்?

உளியும்சுத்தியும்:
பலகை வேண்டாம். அதில் நார் நேராக ஓடும். வளைவாக அறுக்கும்போது அந்த நார் குறுக்கே வெட்டுப்படுவதால், கட்டாந்தரையில் மோதினால் வளரி சரியாக அந்த இடத்தில் முறியும். இயல்பாகவே வளைந்த கிளையில் நாரும் வளைவோடு சேர்ந்து ஓடும் என்பதால், கருவேலம், புளி போன்ற கடினமான மரத்தில் அப்படியொரு கிளையைத் தேடிப் பிடிப்பதே பாதி வேலை. பட்டையை உரித்து, இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் மாதக்கணக்கில் உலர விடுங்கள். வெயிலில் போட்டால் முனையில் தொடங்கும் வெடிப்பு நடுப்பகுதி வரை ஓடிவிடும். பிறகு ஒரு முனையைக் கனமாக விட்டு, பிடிக்கும் முனையை மெலிதாக்கி, வெளிவளைவின் விளிம்பைக் கூராகச் செதுக்கி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழுவழுப்பாக்குங்கள்.

கண்மாய்க்கரை:
வேட்டை வளரி திரும்பி வர வேண்டியதே இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வேட்டை பூமராங்குகளிலும் பெரும்பாலானவை திரும்பாதவையே. திரும்பி வருவதற்கு எடை குறைவாகவும் கைகள் இறக்கை வடிவிலும் இருக்க வேண்டும், ஆனால் முயலை வீழ்த்துவதற்கோ எடையும் நேரான பாய்ச்சலும் வேண்டும். மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில முறை சுழற்றி விசையுடன் வீசுவதுதான் இங்கிருந்த வழக்கம். சின்ன மருதுவிடம் இதைக் கற்ற ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தேர்ந்த கையில் இது 100 கஜத்துக்குள் குறி தவறாது என்று 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

முல்லைநிலம்:
முயலும் கௌதாரியும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை; அவற்றை வேட்டையாடுவது தண்டனைக்குரிய குற்றம். ஆகவே ஆளரவமற்ற திடலில் வைக்கோல் கட்டை நிறுத்தி எறிந்து பழகுங்கள். தரையில் பட்ட வளரி எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாததால், உடன் வந்தவர்கள் எறிபவருக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி நிற்க வேண்டும்.

வைகைக்கரையான்:
மூவருக்கும் நன்றி. எங்கள் ஊரில் சீமைக் கருவேலம்தான் நிறைய இருக்கிறது. அது ஆகுமா?

உளியும்சுத்தியும்:
தாராளமாக ஆகும். கடினமான மரம், வளைந்த கிளைகளுக்கும் பஞ்சமில்லை. வெளுத்த வெளிமரத்தை வண்டு துளைத்துவிடும் என்பதால் அதை முழுவதும் செதுக்கி நீக்கிவிட்டு, செம்பழுப்பான வைரப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.