ஜீவனாம்சம் தராதவரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டுமா?

கோமதி (திருநெல்வேலி):
விவாகரத்துக்குப் பிறகு என் தங்கையின் ஏழு வயது மகன் அவளிடம் வளர்கிறான். பிள்ளைக்கு மாதம் 12,000 ரூபாய் தரவேண்டும் என்று குடும்ப நல நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. பத்து மாதமாக ஒரு ரூபாய் வரவில்லை. பள்ளிக் கட்டணத்துக்கு அவள் வளையலை அடகு வைத்தாள். பிள்ளையின் அப்பாவோ, நீதிமன்றம் பார்க்க அனுமதித்த ஞாயிறு தவறாமல் பொம்மையோடு வாசலில் நிற்கிறார். பாக்கி தீரும்வரை அனுப்பாதே என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

பரணிக்கரை:
சகோதரி, பணத்துக்குப் பிள்ளையைப் பிணையாக வைக்கலாமா? தாய், தந்தை இருவரின் அன்பும் அருகாமையும் குழந்தையின் அடிப்படை மனித உரிமை என்று 2020-இல் யஷிதா சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறவன். இருந்தும் பார்க்கும் நாள் வந்தாலே மகளுக்குக் காய்ச்சல், பரீட்சை, உறவினர் வீட்டு விசேஷம். அவளுக்குப் பால்பல் விழுந்ததையோ சைக்கிள் பழகியதையோ நான் பார்க்கவே இல்லை. பணப் பாக்கியைப் பிறகு வசூலித்துவிடலாம். அந்த நாட்களை யாரிடம் போய் வசூலிப்பது?

கோமதி:
உங்கள் வேதனை புரிகிறது ஐயா. ஆனால் நீங்கள் கட்டுகிறவர். கட்டாதவருக்காக ஏன் வாதாடுகிறீர்கள்? உடலுழைப்பு செய்தாவது மனைவி மக்களைக் காப்பது கணவனின் கடமை என்று அதே உச்ச நீதிமன்றம்தான் 2022-இல் அஞ்சு கார்க் வழக்கில் சொன்னது. பிள்ளைக்கு அப்பாவின் அருகாமை உரிமை என்றால் அரிசியும் உரிமைதான். இரண்டு மணி நேரம் ஐஸ்கிரீம் வாங்கித் தருபவர் நல்ல அப்பா, படிக்கச் சொல்லி அதட்டுகிறவள் பொல்லாத அம்மா. இதை அவள் எத்தனை நாள் தாங்குவாள்?

வழக்கறிஞர் அமுதா:
கோமதி அம்மா, முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில், அதாவது அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் வந்ததா என்று பாருங்கள். அப்படியானால் ஒவ்வொரு மாதத் தொகைக்கும், அது சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் பாக்கியை வசூலிக்கும் வாரண்ட் கிடைக்கும். பத்து மாதம் ஓடிவிட்டது. தாமதித்தால் முதல் மாதப் பாக்கியிலிருந்து ஒவ்வொன்றாக அந்த வழி அடைபடும். பிள்ளையை அனுப்பாவிட்டால், நீதிமன்ற உத்தரவை மீறியவர் உங்கள் தங்கை என்று அவர் தரப்பு எழுதும். பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்கவும் அதையே காரணம் காட்டுவார்கள்.

பரணிக்கரை:
வாரண்ட், சிறை என்று போனால் தொழில் கெடும். பிறகு எதிலிருந்து கட்டுவார்? சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வழக்கறிஞர் அமுதா:
சிறைக்குப் போனாலும் கடன் தீராது ஐயா. 1988-இல் உச்ச நீதிமன்றத்தின் குல்தீப் கவுர் வழக்கிலேயே அது தெளிவாகிவிட்டது.

கோமதி:
சம்பளம் எங்கே இருக்கிறது, சொந்தக் கடை. உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டுமே. அவர் கொடுத்ததில் கடை தம்பி பெயருக்கு மாறியிருந்தது! எங்கள் உத்தரவு 144-இல் வந்ததுதான். மனுவை இந்த வாரமே போடச் சொல்கிறேன். ஞாயிறு பிள்ளையையும் அனுப்பச் சொல்கிறேன். அமுதா அம்மா சொன்ன காரணத்துக்காக மட்டும். பரணிக்கரை ஐயா சொன்னதை நான் இன்னும் ஏற்கவில்லை.