மியாட்டா கியர்பாக்ஸ் ஆயில்: வீட்டிலேயே மாற்றலாமா, பட்டறையில் விடுவதா?

கிளட்ச்மிதி:
வணக்கம். என்னிடம் 1996 மாஸ்டா மியாட்டா இருக்கிறது. 1.8 இன்ஜின், ஐந்து கியர். ஊர் டொராண்டோ. நவம்பர் பிறந்துவிட்டால் காலையில் முதல் பத்து நிமிஷத்துக்கு இரண்டாவது கியர் விழவே மாட்டேன் என்கிறது. லீவரைத் தள்ளினால் சுவரில் முட்டியது போல நிற்கிறது. வண்டி சூடேறியதும் வெண்ணெய் மாதிரி விழுகிறது. முந்தைய ஓனர் கியர் ஆயிலைத் தொட்டாரா என்றே தெரியவில்லை. ஜாக்கும் நான்கு ஸ்டாண்டும் இருக்கின்றன. நானே கராஜில் மாற்றிவிடலாமா?

பட்டறைவாசி:
என் பேச்சைக் கேட்டால் வேண்டாம் நண்பரே. பன்னிரண்டு வருஷம் பட்டறையில் நின்றவன் நான். ஆயில் மாற்றுவது சின்ன வேலைதான், வண்டிக்கு அடியில் படுப்பதுதான் பெரிய விஷயம். இந்த வண்டியில் கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலையும் இணைத்து ஒரு நீளமான அலுமினியச் சட்டம் ஓடும். பார்க்கக் கெட்டியாக இருக்கும், தெரியாதவர்கள் அதில்தான் ஜாக்கை வைப்பார்கள். வளைந்துபோகும். இன்னொன்று, முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்து ஊற்றினால் ஆயில் லெவல் தப்பாகும். லிஃப்டில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஸ்காபரோகாரன்:
தம்பி, பயப்படாதேங்கோ. நான் இதே காரிலை மூண்டு தரம் மாத்தினனான். நாலு ஸ்டாண்டிலையும் சமமா நிப்பாட்டினால் லெவல் பிழைக்காது. முன்னுக்கு குறுக்காப் போற கிராஸ்மெம்பர் சட்டம், பின்னுக்கு டிஃபரென்ஷியல், ஜாக் வைக்க இந்த ரெண்டு இடமும்தான்.

ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ: கீழை வடிக்க முதல், பக்கத்திலை இருக்கிற, ஆயில் ஊத்துற ஃபில் பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ. முப்பது வருச உப்பு ரோட்டுக் கார், அது இறுகிப்போயிருக்கும். ஆயிலை வடிச்சுப்போட்டு மேல் பிளக் கழரேல்லை எண்டால், கார் கராஜை விட்டு அசையாது.

பட்டறைவாசி:
அதைத்தான் அண்ணை நானும் சொல்கிறேன். இறுகிய பிளக்கோடு படுத்துக்கொண்டு மல்லுக்கட்டும்போது வண்டி ஆடும். அந்த நேரத்தில்தான் விபத்து.

ஸ்காபரோகாரன்:
உண்மைதான், அதை மறுக்கேல்லை. அதாலைதான் முதல் நாளே துருவுக்கு எண்ணெய் அடிச்சு ஊறவிடச் சொல்லுறன். ஆனா பட்டறை எண்டால் எல்லாம் சரி எண்டு நினைக்காதேங்கோ. ஒருக்கா நானும் குடுத்தனான். டிஃபரென்ஷியலுக்கு ஊத்துற ஜிஎல்-5 எண்ட தரத்து ஆயிலையே கியர்பாக்ஸுக்கும் ஊத்தி அனுப்பினாங்கள். அந்த மாரி முழுக்க ரெண்டாவது கியரோடை சண்டை. பிறகு நானே வடிச்சு ஜிஎல்-4 ஊத்தினன்.

பட்டறைவாசி:
ஜிஎல்-5-ஐ இப்படிக் குற்றம் சொல்லக்கூடாது. வண்டியோடு வந்த மேனுவலிலேயே ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5, தடிமன் 75டபிள்யூ-90 என்று இருக்கிறது.

ஸ்காபரோகாரன்:
இருக்குது, நானும் வாசிச்சனான். ஆனா சிங்க்ரோ என்ன செய்யுது எண்டு பாருங்கோ. பித்தளை வளையம் கியரின்ரை கூம்பிலை உரசி, ஆயில் படலத்தை வழிச்சு, ரெண்டு வேகத்தையும் ஒண்டாக்க வேணும். அதுக்கு உராய்வு தேவை. ஜிஎல்-5இலை அழுத்தம் தாங்கிற கந்தக, பொஸ்பரஸ் சேர்க்கை கூட. டிஃபரென்ஷியல் பல்லுக்கு அது நல்லது, சிங்க்ரோவுக்கு வழுக்கும். குளிரிலை ஆயிலும் தடிச்சு நிண்டால் வளையம் படலத்தை வெட்டாது. பல் விகிதம் முதல் கியருக்கு 3.136, ரெண்டாவதுக்கு 1.888. இந்த இடைவெளிதான் எல்லாத்திலும் பெரிசு, அதாலைதான் ரெண்டாவது முதலிலை முறைக்குது.

பட்டறைவாசி:
சரி, குளிர் ஊரில் ஜிஎல்-4 நல்லது, அதை ஒப்புக்கொள்கிறேன். அடியில் படுப்பதைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. கிளட்ச்மிதி, செய்வதென்றால் தனியாகச் செய்யாதீர்கள். வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கழற்றிய சக்கரங்களை வண்டிக்கு அடியில் தள்ளி வையுங்கள், ஸ்டாண்ட் சரிந்தாலும் உயிர் தப்பும்.

ஸ்காபரோகாரன்:
அது நல்ல யோசனை. இன்னொண்டு: கியர்பாக்ஸுக்கு 2 லீட்டர் பிடிக்கும். கடையிலை விக்கிற போத்தல் 946 மில்லி. ரெண்டு வாங்கினால் காணாது, மூண்டு வாங்குங்கோ. மிச்சம் வீண்போகாது. கியர் லீவர் இறங்கிற கிண்ணத்திலை தனியா ஆயில் நிக்கும், ஏறக்குறைய 90 மில்லி. கீழை வடிச்சால் அது வடியாது. உள்ளுக்கிருந்து கொன்சோலைக் கழட்டித்தான் மாத்த வேணும்.

கிளட்ச்மிதி:
சனிக்கிழமை முடித்துவிட்டேன், தம்பி கூடவே நின்றான். ஃபில் பிளக் நீளக் கம்பி போட்ட பிறகுதான் அசைந்தது. வடிந்த ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறம், வெயிலில் பிடித்தால் பித்தளைத் தூள் மின்னியது. கீழே வடிக்கும் ட்ரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும், செதில் ஒன்றும் இல்லை. ஜிஎல்-4 ஊற்றி, ஓட்டையில் வழியத் தொடங்கியதும் மூடினேன். பழைய ஆயிலை நகராட்சி டிப்போவில் கொடுத்தாயிற்று.

லீவர் கிண்ணத்தைத் திறந்தால் சொட்டு ஆயில்கூட இல்லை. லீவரை மூடும் உள் ரப்பர் பூட் பாதி சுற்றுக்குக் கிழிந்திருந்தது. இன்று காலை மைனஸ் 9. இரண்டாவது கியர் கொஞ்சம் தயங்கித்தான் விழுந்தது, ஆனால் விழுந்தது.

பட்டறைவாசி:
பித்தளைத் தூள் அவ்வளவு மின்னினால் சிங்க்ரோ ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. வண்டி சூடாகும் வரை மூன்றாயிரம் ஆர்பிஎம் தாண்டி இரண்டாவதுக்கு மாற்றாதீர்கள். அந்த ரப்பர் பூட்டை இந்த வாரமே வாங்கிப் போடுங்கள், அதற்கு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை.