புதுப்பிப்பு: பெரணி இலையில் வந்த பழுப்புப் பட்டை

என் பேர்ட்ஸ் நெஸ்ட் பெரணியில் பழுப்புக் கோடுகள் இருப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். அது வித்துத்தூள்தான் (பெரணி இனம்பெருக்க உண்டாக்கும் தூள்) என்று சிலர் சொன்னீர்கள். வித்துக்கோடு இலையின் அடிப்பக்கம் மட்டுமே இருக்கும், தடவினால் சொரசொரக்கும். இது இரு பக்கமும் தெரிந்தது. பக்க நரம்புகளை ஒட்டி, ஈரம் கோத்த பட்டையாக. ஒரு துண்டைக் கிழித்துக் கிண்ணத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வைத்தேன். காலையில் லென்ஸில் பார்த்தால் நூலிழை போல நெளியும் புழுக்கள். இலை நூற்புழு!

பூஞ்சைக்கொல்லி அடித்ததெல்லாம் வீண், அது புழுவைத் தொடாது. பட்ட இலைகளை அடியோடு வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன், உரக்குழியில் போடாதீர்கள். ஈர இலைமேல் நீந்தித்தான் பரவும் என்பதால் இப்போது மண்ணுக்கு மட்டும் தண்ணீர், தொட்டியும் தனியாக. அப்புறம், இரண்டு குருத்து கறையில்லாமல் விரிந்திருக்கிறது.