மறு: பொலிட்பீரோ ‘கேண்டிடேட் மெம்பர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களே, வணக்கம்.

> ‘வேட்பாளர் உறுப்பினர்’ என்றே வைத்துவிடலாமே?

வைக்கலாம்தான். ஆனால் சோவியத் யூனியனின் கடைசித் தலைவர் கோர்பச்சேவ் பற்றி நான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் அது உதைக்கிறது. பொலிட்பீரோ என்பது சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் உச்சத் தலைமைக் குழு. ‘1979 நவம்பரில் பொலிட்பீரோவின் வேட்பாளர் உறுப்பினரானார்’ என்றால், ஏதோ தேர்தலில் நின்றார், முடிவு வரவில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். உண்மையில் அவர் குழுவுக்குள் வந்துவிட்டார். கூட்டத்துக்குப் போகலாம், பேசலாம், வாக்கு மட்டும் கிடையாது. நம் ரயிலில் ஆர்.ஏ.சி. மாதிரி: உட்காரலாம், படுக்க முடியாது. பதினோரு மாதத்தில், 1980 அக்டோபரில், அவருக்குப் படுக்கை உறுதியானது. 1985 மார்ச்சில் கட்சியின் பொதுச் செயலாளர்.

இதில் இன்னொரு சிக்கல். அதே ‘கேண்டிடேட்’ அவர் வாழ்க்கையில் முன்பே ஒருமுறை வருகிறது. 1948 அறுவடையில் அப்பாவோடு சேர்ந்து கம்பைன் அறுவடை இயந்திரம் ஓட்டி விருது வாங்கிய பையன், சட்டம் படிக்க மாஸ்கோ போகிறான். 1952இல் கட்சியின் சாதாரண உறுப்பினர் ஆகும்வரை அவனும் ‘கேண்டிடேட்’தான். அது சோதனைக் காலம். அரசு வேலையில் ‘தகுதிகாண் பருவம்’ என்கிறோமே, அதே கணக்கு. ஆகவே அங்கே ‘தகுதிகாண் உறுப்பினர்’ என்று போட்டுவிட்டேன். ஆனால் தென் ரஷ்யாவின் ஸ்தாவ்ரபோல் பிரதேசத்தையே எட்டு வருடம் கட்சியின் முதல் செயலாளராக நடத்திவிட்டு வந்தவரை பொலிட்பீரோவிலும் ‘தகுதிகாண்’ என்றால், வேலை பழக வந்தவர் போலாகிவிடும்.

> ‘காத்திருப்பு உறுப்பினர்’?

நல்ல சொல். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் இத்தகைய உறுப்பினரைக் குறிக்கும் ‘ஹௌபு’வுக்கே காத்திருந்து இடம் நிரப்புவது என்றுதான் பொருள். அக்கட்சியின் மத்தியக் குழுவில் இடம் காலியானால், வாங்கிய வாக்கு வரிசைப்படி ஏற்றுவார்கள். 1997இல் அந்தப் பட்டியலின் 151 பேரில் ஷி ஜின்பிங் கடைசி. பதினைந்தே வருடத்தில் பொதுச் செயலாளர்! ஆனால் நம் ஊர்ப் பத்திரிகையில் ‘காத்திருப்போர் பட்டியல்’ என்றாலே எந்த அதிகாரி மாட்டினார் என்றுதான் தேடுவோம். பதவி உயர்வு தண்டனையாகத் தெரியும்.

‘மாற்று உறுப்பினர்’ வேண்டாம். ஒருவர் வராத அன்று அவருக்குப் பதில் உட்காருபவர் என்றாகிவிடும்.

என் பரிந்துரை: புகுமுக உறுப்பினர். அந்தக் காலத்து பி.யூ.சி.யைப் ‘புகுமுக வகுப்பு’ என்றோம். கல்லூரிக்குள் நுழைந்தாயிற்று, பட்டப்படிப்பு இன்னும் தொடங்கவில்லை. புகுமுகம் என்றால் எல்லோரும் புகுந்துவிடுகிறார்களா என்று கேட்பீர்கள். பின்னாளில் ரஷ்ய அதிபரான யெல்ட்சின் புகவில்லை. 1986 பிப்ரவரியில் வந்தார், 1988 பிப்ரவரியில் நீக்கப்பட்டார், முழு உறுப்பினர் ஆகவே இல்லை. சரி, பி.யூ.சி.யோடு படிப்பை நிறுத்தியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இப்போதைக்குக் கட்டுரையில் இப்படி வைத்திருக்கிறேன்: ‘1978இல் வேளாண்மைப் பொறுப்புடன் மத்தியக் குழுச் செயலாளர், 1979இல் பொலிட்பீரோவின் புகுமுக உறுப்பினர், 1980இல் முழு உறுப்பினர்.’ வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.